கல்லாப்பெட்டியில் சேர்ந்த பழைய நாணயங்கள்: எங்கிருந்து தொடங்குவது, எப்படி அடுக்குவது?

கல்லாப்பெட்டி (கரூர்) எழுதியது:

வணக்கம். கரூரில் மளிகைக் கடை நடத்துகிறேன். இங்கே எழுதுவது இதுவே முதல் முறை.

கல்லாவுக்கு வரும் சில்லறையில் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிகிற காசை எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பது அப்பா காலத்திலிருந்தே எங்கள் கடையில் வழக்கம். பாட்டில் நிறைந்துவிட்டது. ஏழாவது படிக்கும் மகள் எல்லாவற்றையும் பாயில் கொட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஒழுங்காகச் சேர்த்து வைக்கலாமே அப்பா" என்கிறாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

உள்ளே இருப்பவை: விதவிதமான 10 ரூபாய் நாணயங்கள் (வாடிக்கையாளர்கள் பலர் இன்னும் வாங்கத் தயங்குவதால் கடையிலேயே தங்கிவிட்டவை), காண்டாமிருகம் போட்ட 25 பைசா, அலுமினியத்தில் சின்னச் சின்னக் காசுகள், ஓட்டைக் காலணா, பின்புறம் புலி நிற்கிற 1947-ஆம் ஆண்டு ஒரு ரூபாய். இந்தப் புலி ரூபாய் சுத்த வெள்ளி என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். உறவினர் ஒருவர் கொடுத்த பெரிய செப்புக் காசும் இருக்கிறது. ஒரு பக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818 என்று பொறித்திருக்கிறது. மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகம். லட்சக்கணக்கில் போகும் என்கிறார் அவர். உண்மையா?

எதை வைத்துப் பிரிப்பது என்று தெரியவில்லை. ஸ்டேஷனரி கடையில் பிளாஸ்டிக் உறை வைத்த ஆல்பம் விற்கிறார்கள், அது போதுமா? ஆல்பத்தில் வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்று அம்மா தயாராக இருக்கிறார். பெரியவர்கள் வழி சொல்லுங்கள்.


ஓட்டைக்காலணா (மதுரை) எழுதியது:

அண்ணா, மற்றதெல்லாம் பிறகு. புளியை ஊறவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்! காரணத்தைச் செப்புக்காசு ஐயா வந்து விளக்குவார்.


செப்புக்காசு (திருச்சி) எழுதியது:

தம்பி, வாருங்கள். கல்லாப்பெட்டி வைத்திருப்பவருக்கு இந்தப் பொழுதுபோக்கில் கிடைக்கிற வசதி வேறு யாருக்கும் கிடைக்காது. நாங்கள் காசு தேடி ஊர் ஊராக அலைகிறோம். உங்களிடம் அது தானாக வருகிறது.

முதலில் புளி. குத்துவிளக்கையும் பித்தளைக் குடத்தையும் புளி போட்டுத் துலக்குவது முறை. அவை துலக்கத் துலக்க அழகு. காசுக்கு அது சேதம். செப்புக் காசின் மேலுள்ள பழுப்பு நிறத்தை அழுக்கு என்று நினைக்கிறார்கள். செம்பு காற்றோடு கலந்து பல்லாண்டுகளில் தன்மேல் தானே போர்த்திக்கொண்ட படலம் அது. அடியில் உள்ள உலோகத்தைக் காப்பதும் அதுதான். புளியின் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். பிறகு தெரிவது இளஞ்சிவப்பான வெற்றுச் செம்பு. சாம்பலோ தேங்காய் நாரோ சேர்ந்தால் மேற்பரப்பு முழுக்க மெல்லிய கீறல்கள் விழும். லென்ஸில் பார்த்தால் எல்லாம் ஒரே திசையில் வாரிவிட்டதுபோல் தெரியும். அப்படித் துலக்கிய காசைச் சேகரிப்பாளர் யாரும் நல்ல விலைக்குத் தொடமாட்டார். விலையை விடுங்கள், 100 ஆண்டுகளாகச் சேர்ந்த ஒன்று ஒரு மதியத்தில் போய்விடுகிறது, திரும்ப வராது. எலுமிச்சை, விபூதி, பற்பசை, கடையில் விற்கும் பாலிஷ் எதுவுமே வேண்டாம்.

மண்ணும் தூசியும் மட்டும் இருந்தால், பேட்டரிக்கு ஊற்றுகிற வடிநீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் எடுத்துப் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள்; தேய்க்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோன் உதவும். ரசாயனக் கடையில் கேட்டு வாங்க வேண்டும், நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும், அது ஆகாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பங்கரைப் பக்கம் கொண்டு போகாதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

அடுத்தது புலி ரூபாய். காந்தத்தைக் காட்டிப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். அது நிக்கல். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய்கள் 11.66 கிராம் எடையில், 91.7 சதவீதம் வெள்ளியில் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் வெள்ளியே இல்லாமல் நிக்கலில் வந்ததுதான் உங்கள் கையில் இருப்பது. உங்கள் ஓட்டைக் காலணாவும் அதே போரின் பிள்ளை. செம்பை மிச்சப்படுத்த 1943-ல் நடுவில் துளையிட்டார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மகளிடம் காட்டுங்கள். போர் நடந்த இடம் எங்கேயோ. அதன் தடம் கரூர் மளிகைக் கடைவரை வந்திருக்கிறது.

ராமர் காசு பற்றி ஒரே வரி: கம்பெனி அப்படி ஒரு காசை அச்சிடவே இல்லை.


வெள்ளிமணி (சேலம்) எழுதியது:

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். இணையத்தில் அதே ராமர் காசைப் பல லட்சத்துக்கு விளம்பரம் செய்கிறார்களே. அத்தனை பேரும் பொய் சொல்வார்களா? என்னைக் கேட்டால் தொடக்கத்திலிருந்தே முதலீடு என்ற கண்ணோடு சேர்க்க வேண்டும். விக்டோரியா ரூபாயாக வாங்கி வைத்தால் வெள்ளி விலை ஏற ஏற லாபம். அலுமினியக் காசையும் 10 ரூபாயையும் சேர்த்து என்ன பயன்?


மயிலை வாசகி (சென்னை) எழுதியது:

வெள்ளிமணி அவர்களே, விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கிற விலை. அந்த விலைக்கு ஒருவர் வாங்கினார் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ராமர், சீதை, அனுமன், தாமரை, ஓம் என்று விதவிதமாக, "ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818" என்ற ஒரே வாசகத்தோடு வருகிற இவை எல்லாம் பிற்காலத்தில் பக்திக்காகவோ ஏமாற்றுவதற்காகவோ செய்யப்பட்டவை. கோயில் கடைகளில் விற்கும் ராமடங்கா (ராமர் உருவம் பொறித்த பக்திக் காசு) வகையைச் சேர்ந்தவை. பூஜை அறையில் வைக்கலாம், தாராளமாக. நாணயத் தொகுப்பில் அதற்கு இடமில்லை. கம்பெனி எப்படி அச்சிட்டது என்று பார்க்க விரும்பினால் 1835-ஆம் ஆண்டின் காலணாவைப் பாருங்கள்: ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் மாலைக்குள் மதிப்பு. தெய்வ உருவம் எதுவும் கிடையாது.

பழைய நாணயத்தை விற்றுத் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷனும் வரியும் முன்பணமாகக் கேட்கும் கும்பல்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட எந்த வியாபாரத்திலும் தனக்குச் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தது. வைஷ்ணோதேவி படம் போட்ட 2012-ஆம் ஆண்டு 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களுக்கு லட்சங்கள் கிடைக்கும் என்று வரும் செய்திகளும் இதே ரகம். கல்லாப்பெட்டி அண்ணா, உங்கள் பாட்டிலிலேயே அது ஒன்று இருக்கக்கூடும். அதன் மதிப்பு ஏறக்குறைய அதில் எழுதியிருப்பதுதான்.


செப்புக்காசு (திருச்சி) எழுதியது:

வெள்ளிமணிக்கு ஒரு சொல். வெள்ளிக்காக வாங்குகிறவர் வெள்ளியை எடை போட்டு வாங்கட்டும், அதில் தவறில்லை. விக்டோரியா ரூபாய் ஒன்றில் சுத்த வெள்ளி 10.7 கிராம் அளவுக்கு இருக்கும். தேய்ந்திருந்தால் அதற்கும் குறைவு. அதற்கு மேல் தருகிற ஒவ்வொரு ரூபாயும் அந்தக் காசின் ஆண்டு, நிலை, அரிய தன்மை இவற்றுக்காகத் தருவது. அதை மதிப்பிடத் தெரியாமல் முதலீடு என்று இறங்கினால் விற்பவர் சொன்னதுதான் விலை. 1939-ஆம் ஆண்டு ரூபாய் அரிது என்று தெரிந்ததும் ஆண்டின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி 1939 ஆக்கி விற்கிறார்கள். நூறு சாதாரண ரூபாயைக் கையில் எடுத்துப் பார்த்த கண்ணுக்குத்தான் அந்தச் செதுக்கல் தெரியும். அலுமினியக் காசில் பழகினால் நட்டமில்லாமல் கண் பழகும். அதன் பயன் அதுதான்.


கல்லாப்பெட்டி (கரூர்) எழுதியது:

காந்தம் ஒட்டிக்கொண்டது. அம்மா கொஞ்ச நேரம் நம்பவே இல்லை, வீட்டிலிருந்த எல்லாக் காந்தத்தையும் எடுத்து வந்து வைத்துப் பார்த்தார். புளி ஊறவைக்கும் திட்டம் கைவிடப்பட்டது. ராமர் காசு பூஜை அறைக்குப் போய்விட்டது.

அடுத்து 10 ரூபாய் விஷயம். என்னிடம் இருப்பதில் மேலே கதிர் மாதிரிக் கோடுகள் வருகின்றன. சிலவற்றில் 10 கோடு, சிலவற்றில் 15. பதினைந்து கோடு இருந்தால் போலி என்று கடைத்தெருவில் சொல்கிறார்கள். தொகுப்பில் எதை வைக்கலாம்?


ஓட்டைக்காலணா (மதுரை) எழுதியது:

இது என் ஏரியா!

இரண்டுமே அசல். 10 ரூபாய் நாணயத்தின் முதல் வகையில் 2005 என்று ஆண்டு இருந்தாலும் அது புழக்கத்துக்கு வந்தது 2009-ல். அதில் நான்கு கோடுகள் குறுக்கே சந்திக்க, நான்கு புள்ளிகள் இருக்கும். அதற்கு அடுத்த வகையில் 15 கதிர்கள். 2011 முதல் புதிய ரூபாய்ச் சின்னம் சேர்ந்தபோது கதிர்கள் 10 ஆயின. இதைத்தான் ஒன்று அசல், ஒன்று போலி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்றே அறிவித்தது. வாங்க மறுக்கிற வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 75-ஆம் ஆண்டு, ஹோமி பாபா நூற்றாண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டுகள், கயிறு வாரியத்தின் 60 ஆண்டுகள், யோகா தினம் என்று நினைவு நாணயங்கள் அதில் அடக்கம். செலவில்லாமல் ஒரு முழுத் தொகுப்பு உங்கள் கல்லாவிலேயே கிடக்கிறது அண்ணா, ஊரே வேண்டாம் என்று தள்ளிவிட்ட காசில்!

இப்போது ஒரு நகைக்கடை லென்ஸ் எடுத்துக்கொண்டு ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை நாணயச்சாலை. ஐந்துமுனை நட்சத்திரம் ஹைதராபாத். சின்னப் புள்ளி நொய்டா. எந்தக் குறியும் இல்லையென்றால் கொல்கத்தா. அதே ஆண்டு, அதே மதிப்பு, ஆனால் நான்கு ஊர். 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். உள்நாட்டு நாணயச்சாலைகளால் தேவையைச் சமாளிக்க முடியாமல் அந்த ஆண்டு வெளிநாட்டிலும் அச்சிட்டார்கள். ஆண்டுக்குக் கீழே ஆங்கில 'எச்' எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், ஹீட்டன் நாணயச்சாலையில் அடித்தது. ஆகவே என் யோசனை: ஒவ்வொரு மதிப்புக்கும் ஆண்டு வரிசை, ஆண்டுக்குள் நாணயச்சாலை வரிசை. விடுபட்ட கட்டங்கள் கண்ணில் குத்தும், நிரப்பும் வரை தூக்கம் வராது.


மயிலை வாசகி (சென்னை) எழுதியது:

ஓட்டைக்காலணா தம்பியின் உற்சாகம் எனக்குப் பிடிக்கும், ஆனால் இதில் அவரோடு உடன்படமாட்டேன். பள்ளியில் நாணய மன்றம் நடத்துகிறேன். கட்டம் போட்ட அட்டவணையைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் ஒரே பருவத்தில் சலித்துப் போகிறார்கள். காசைப் பார்ப்பதில்லை, ஆண்டை மட்டும் பார்க்கிறார்கள். "2013 நொய்டா இருக்கிறதா?" என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைத் தொடர்ந்து போகிற பிள்ளை வருடக்கணக்கில் நிற்கிறது.

உங்கள் அலுமினியக் காசுகளையே எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா (புதிய பைசா) என்றானது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. அணாவிலேயே வளர்ந்தவர்களுக்குப் புதிய கணக்குக் குழம்பாமல் இருக்க "நயா" என்ற சொல்லைக் காசிலேயே பொறித்தார்கள். 1964-ல் அது போதும் என்று எடுத்துவிட்டார்கள். அதே 1964-ல் அறுகோணத்தில் 3 பைசா வந்தது. ஒரு பைசா சதுரம், 2 பைசாவுக்கு வளைவு வளைவான விளிம்பு, 3 பைசா அறுகோணம். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எது எது என்று தெரியும். என் மாணவிகளை அப்படித்தான் அடையாளம் சொல்ல வைப்பேன். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போனதால் இனி அவை கல்லாவுக்கு வரப்போவதில்லை. இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள்.

1974 முதல் 1980 வரை வந்த நினைவு 10 பைசாக்களும் அப்படித்தான். திட்டமிட்ட குடும்பம், எல்லோருக்கும் உணவு, குழந்தைகள் ஆண்டு, கிராமப் பெண்கள் முன்னேற்றம் என்று அரசு மக்களிடம் சொல்ல நினைத்ததை எல்லாம் சில்லறைக் காசில் அச்சடித்து வீடு வீடாக அனுப்பியிருக்கிறது. அதை மட்டும் சேர்த்து அடுக்கினாலே ஒரு பத்தாண்டின் கவலைகள் வரிசையாக நிற்கும்.


ஓட்டைக்காலணா (மதுரை) எழுதியது:

வாசகி அக்கா, சலிப்பது பிள்ளைகள். எனக்குச் சலிக்கவில்லையே! நாணயச்சாலைக் குறியைத் தேடிப் பழகாதவர் எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் பாதியைத் தவறவிடுவார் என்பதில் மாற்றமில்லை.


செப்புக்காசு (திருச்சி) எழுதியது:

இருவரும் சொல்வது ஒன்றை ஒன்று மறுக்கவில்லை. அப்பா கல்லாவில் வருவதை ஆண்டு, நாணயச்சாலை வாரியாகச் சேர்க்கட்டும். அதற்குக் காசு செலவில்லை. மகள் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒன்றை விடாமல் செய்யுங்கள்: ஒவ்வொரு காசுக்கும் ஒரு குறிப்பு. ஆல்பத்துக்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

என் நோட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்:

"எண் அலு-14. 3 பைசா, 1964. அறுகோணம், அலுமினியம், 1.2 கிராம். ஆண்டுக்குக் கீழ் சாய்சதுரம், மும்பை. நிலை: எழுத்துகள் தெளிவு, அசோகச் சின்னத்தில் நடுச் சிங்கத்தின் முகம் தேய்வு, வலது மூலையில் நசுங்கல். கிடைத்தது: பெரிய அத்தை வீட்டு மண் உண்டியல், உடைத்தபோது. விலை இல்லை."

ஆண்டும் எடையும் காசைப் பார்த்தால் யாருக்கும் கிடைத்துவிடும். கடைசி வரி மட்டும் நான் எழுதாவிட்டால் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. நான் போன பிறகு என் பிள்ளைகள் இதை எடுத்துப் பார்க்கும்போது, அத்தை யார், உண்டியல் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். ஆயிரம் காசு வைத்துக்கொண்டு ஒன்றுக்கும் வரலாறு எழுதாதவரைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. உங்கள் பாட்டிலில் இருப்பதற்கு எல்லாம் "கரூர், கடைக் கல்லா" என்றாவது எழுதுங்கள். அப்பா போட்டது என்று தெரிந்ததை அப்பா பெயரோடு எழுதுங்கள்.

எண்ணை நோட்டிலும் உறையிலும் எழுதுங்கள். காசின் மேல் எதையும் ஒட்டவோ எழுதவோ கூடாது. கணினி பழக்கம் இருந்தால் நியூமிஸ்டா என்ற இணையதளத்தில் உலக நாணயங்களின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது, உங்கள் இருப்பையும் அதில் குறித்துக்கொள்ளலாம். ஆனாலும் கையால் எழுதிய நோட்டை விட்டுவிடாதீர்கள்.


கல்லாப்பெட்டி (கரூர்) எழுதியது:

நோட்டு வாங்கிவிட்டோம் ஐயா. மகள்தான் எழுதுகிறாள். அப்பா பெயரை எழுதச் சொன்னதற்கு நன்றி, அம்மா அதைப் படித்துவிட்டு எந்தக் காசு அப்பா போட்டது என்று நினைவுபடுத்திச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஆல்பம் பற்றி யாரும் சொல்லவில்லையே?


மயிலை வாசகி (சென்னை) எழுதியது:

ஸ்டேஷனரி கடை ஆல்பத்தை முகர்ந்து பாருங்கள். புது ஷவர் திரை மாதிரி வாடை வந்தால் அது பிவிசி. நம் வெயிலிலும் ஈரத்திலும் அந்தப் பிளாஸ்டிக் சிதைந்து அமிலம் கக்கும். காசின் மேல் பச்சையாக, தொட்டால் ஒட்டுகிற பிசின் படியும். முக்கியமாகச் செம்பும் நிக்கல் கலந்தவையும் கெடும். பிவிசி இல்லாதது என்று எழுதிய பக்கங்களைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட நல்லது நடுவில் மெல்லிய மைலார் (கண்ணாடிபோல் தெரியும் பாலியெஸ்டர் தாள்) ஜன்னல் வைத்த சதுர அட்டை. காசை உள்ளே வைத்து மடித்து மூன்று பக்கம் ஸ்டேபிள் அடிப்பது. அடித்த பிறகு ஸ்டேபிள் முனைகளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்து அட்டையின் ஜன்னலைக் கிழித்துக் காசில் கோடு போடும். அட்டையின் ஓரத்தில் எண், ஆண்டு எழுத இடமும் கிடைக்கும்.

செய்தித்தாளில் சுற்றாதீர்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பெட்டிக்குள் பாச்சை உருண்டை வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், மழைக்காலத்தில் மாற்றுங்கள். காசை எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள், முகத்தைத் தொடாதீர்கள், கீழே ஒரு மடித்த துண்டை விரித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான்.


யாழ்த்தென்றல் (யாழ்ப்பாணம்) எழுதியது:

அண்ணா, உங்கள் மகளுக்கு ஒரு யோசனை. தமிழ் எழுத்து உள்ள நாணயங்கள் என்று ஒரு தலைப்பு எடுக்கலாம். நான் அதைத்தான் சேர்க்கிறேன். எங்கள் இலங்கைக் காசு எதை எடுத்தாலும் தமிழ் இருக்கும், விலையும் குறைவு. விக்டோரியா காலத்து 1870-ஆம் ஆண்டின் செப்புச் சதங்களில் நடுவில் ஒரு பனைவகை மரம் நிற்க, இரு பக்கமும் சிங்களமும் தமிழும் இருக்கும். சிங்கப்பூர் நாணயங்களில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் வரும், தமிழ் அதில் ஒன்று. வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் யாரேனும் இருந்தால் சில்லறையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இதன் உச்சியில் இருப்பது யாழ்ப்பாண அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகளின் சேது காசு. ஒரு பக்கம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே "சேது" என்று தமிழில். சின்னச் செப்புக் காசுதான். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்த இரண்டு எழுத்தும் மேலெழுந்து வரும். அதைப் பார்த்த நாளில்தான் நான் வேறு எல்லாவற்றையும் விட்டு இந்தத் தலைப்பில் நின்றேன்.


மயிலை வாசகி (சென்னை) எழுதியது:

அருமையான தலைப்பு! இந்தியாவில் இதைத் தொடர்ந்தால் சுவாரசியமான இடைவெளிகள் தெரியும். பிரிட்டிஷ் இந்தியாவின் வளைவு விளிம்பு ஓரணாவில் பாரசீக எழுத்து, நாகரி, வங்காளம், தெலுங்கு நான்கும் உண்டு; தமிழ் இல்லை. ஆனால் அதற்கு 100 ஆண்டுகளுக்கு முன்பு, 1807-08 வாக்கில் சென்னையில் கம்பெனி வெளியிட்ட வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் தெய்வ உருவத்தைச் சுற்றித் தமிழும் தெலுங்கும். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசில் பிரகதாம்பாள் அமர்ந்திருக்க, மறுபக்கம் "விஜய" என்று தெலுங்கில் இருக்கும். குண்டுமணி கொஞ்சம் பெரிதானதுபோல் இருக்கும் அந்தக் காசைச் சமஸ்தானத்தில் நவராத்திரித் தானத்தின்போது கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

சுதந்திர இந்தியாவில் 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அது புழக்கத்துக்கும் வந்ததால் உங்கள் கல்லாவிலேயே கிடைக்கலாம். எழுத்தை விட்டுத் தமிழகத் தொடர்பு என்று கொஞ்சம் விரித்தால் 1995 எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டின் திருவள்ளுவர் நாணயங்கள் (1, 2, 5 ரூபாய்), 2003 காமராஜர் நூற்றாண்டு, 2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு எல்லாம் வரும். விடுமுறையில் சென்னைக்கு வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு மகளை அழைத்துப் போங்கள்.


கல்லாப்பெட்டி (கரூர்) எழுதியது:

மகள் குதிக்கிறாள். தமிழ் எழுத்துதான் அவள் தலைப்பு என்று முடிவாகிவிட்டது. அண்ணா 5 ரூபாய் கல்லாவில் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தலைப்பை நான் கடையில் சொன்னதும் ஒருவர் வந்தார். அமராவதி ஆற்று மணலில் எடுத்ததாம், ஒரு பொட்டலம் நிறையச் சதுரச் செப்புக் காசுகள். சேரர் காசு, தமிழ் எழுத்து இருக்கிறது, மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். வாங்கலாமா?


செப்புக்காசு (திருச்சி) எழுதியது:

வேண்டாம் தம்பி. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

கரூர் அமராவதிப் படுகையில் சேரர் காசுகள் கிடைத்தது உண்மை. மாக்கோதை, கொல்லிரும்பொறை என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த காசுகள் வந்த ஊர் உங்களுடையது. இதே வகையில் பெருவழுதி என்று எழுதிய பாண்டியர் காசை 1980-களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்டபோது சங்க கால வேந்தர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்பதற்கே ஆதாரம் கிடைத்தது. அதனால்தான் கவலைப்படுகிறேன். இரண்டில் ஒன்றுதான் நடக்கும். அந்தப் பொட்டலம் போலியாக இருக்கலாம். சங்க காலக் காசுக்குப் போலிகள் ஏராளம், அச்சில் வார்த்துப் பச்சை ஏற்றி விற்கிறார்கள். அல்லது அசலாக இருக்கலாம். அசலென்றால் அது அவர் விற்கக்கூடியது அல்ல. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணிலிருந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையது என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டைத் தாண்டிய தொல்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது; உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

சட்டத்தை விடவும் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. எந்த மணலில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பது பொட்டலம் கட்டிய அன்றே தொலைந்து போகிறது. அத்தை உண்டியலுக்கே குறிப்பு எழுதுகிறோம். 2,000 ஆண்டுக் காசுக்கு "கடைத்தெருவில் ஒருவர் தந்தார்" என்றா எழுதுவது? அவரைக் கரூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்க் காட்டச் சொல்லுங்கள். நல்ல மனிதர் என்றால் போவார்.

மகளுக்குப் பழைய காசு ஒன்று வேண்டும் என்றால் பில் கொடுக்கிற, பெயர் கெடாத விற்பனையாளரிடம் அம்மன் காசில் தொடங்குங்கள்.


வெள்ளிமணி (சேலம்) எழுதியது:

ஐயா சொன்னது சரி. நான் இன்னும் வெள்ளி ரூபாய்தான் சேர்ப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் என்னிடம் அண்ணா 5 ரூபாய் இரண்டு இருக்கிறது. ஒன்றைப் பாப்பாவுக்கு அனுப்பி வைக்கிறேன். பதிலுக்கு உங்களிடம் ஹைதராபாத் நட்சத்திரம் போட்ட 10 ரூபாய் கூடுதலாக இருந்தால் தாருங்கள், என் மகன் கேட்கிறான்.


கல்லாப்பெட்டி (கரூர்) எழுதியது:

நட்சத்திரம் நிறைய இருக்கிறது, எந்த ஆண்டு வேண்டும் என்று சொல்லுங்கள். ஆற்றுக் காசுக்காரரிடம் அருங்காட்சியக முகவரியை எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணா காசு எந்த ஊரில், யாரிடமிருந்து உங்களுக்குக் கிடைத்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சேர்த்து அனுப்பச் சொல்கிறாள் மகள். நோட்டில் எழுத வேண்டுமாம்.


ஓட்டைக்காலணா (மதுரை) எழுதியது:

அனுப்பும்போது காசை அட்டைக்குள் வைத்து, அட்டையை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து வெளியே மட்டும் டேப் ஒட்டுங்கள். வெறும் கவரில் போட்டால் தபால் முத்திரை குத்தும்போது கிழிந்து விழுந்துவிடும். வெள்ளிமணி அண்ணா, அந்த 5 ரூபாயில் ஆண்டுக்குக் கீழே என்ன குறி இருக்கிறது? பார்த்துச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.